வைகாசி மழையும் எங்கள் செவலையும்

சென்னையில் கோடை மழை பெய்தால் என் மகன் ஜன்னலுக்கு ஓடுவான். நான் போனை எடுத்து சிவகிரிக்கு அடிப்பேன்.

"அப்பா, அங்கன மழை உண்டா?"

"நேத்து ராத்திரி நல்ல மழைம்மா. அரை மணி நேரம் கொட்டித் தீத்துட்டு."

"சோளத்தாள் கெடக்குற பக்கம் மாட்டை விட்டுராதீங்க."

"எட்டு வருசமா இதையே சொல்லுத. விடலம்மா, விடல."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால், நான் கேட்பதை ஒரு தடவைகூட அவர் தட்டிக்கழித்ததில்லை. ஏன் கேட்கிறேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சிவகிரி என்றதும் பலர், "ஈரோட்டுப் பக்கமா?" என்பார்கள். அது வேறு. எங்களுடையது தென்காசி மாவட்டத்துச் சிவகிரி. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் ரோட்டில், வாசுதேவநல்லூருக்கு முன்னால் வரும். 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தோம். வீட்டு வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை. கிழக்கே பார்த்தால் வயலும் தோப்புமாகச் சமவெளி.

தென்காசி என்று சொன்னால், "அடடா, குற்றாலம்! சாரல்! குளுகுளுன்னு இருக்குமே" என்று அடுத்து ஒன்று வரும். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் மேல்காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கும். வடக்கே இருக்கும் எங்களுக்குக் காற்றை மட்டும்தான் தாராளமாகக் கொடுக்கும். அதுவும் ஆனி, ஆடியில்தான். அதற்கு முன்னால் சித்திரை, வைகாசி என்று இரண்டு மாதத்தைத் தாண்ட வேண்டும். வெயிலில் குளமும் கிணறும் வற்றும். மேய்ச்சல் நிலம் கரிந்துபோகும். மலையில் தண்ணீர் குறைந்தால் யானையும் காட்டுப்பன்றியும் அடிவாரத் தோப்புகளுக்கு இறங்கும். எங்கள் பக்கத்து விவசாயிக்கு அந்த இரண்டு மாதமும் பரீட்சை மாதிரி.

கத்திரியில் ஒரு மாடு

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டையே ஏமாற்றிவிட்டது. நூறு வருடங்களுக்கும் மேலான கணக்கில் அப்படி ஒரு மோசமான மழைக்காலம் இருந்ததில்லை என்றார்கள். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. அந்த வருடம் மே மாதம், பள்ளி லீவுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அவனுக்கு அப்போது ஆறு வயது.

ஊரே நிறம் மாறிக் கிடந்தது. பிசான நெல் பாதி வயல்களில் நடவே இல்லை. குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை மரங்களைக் காப்பாற்ற லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியவர்கள் உண்டு. கோடையில்தான் எலுமிச்சைக்கு விலை வரும். ஆனால், தண்ணீர் இல்லாத மரத்தில் காய் சிறுத்துச் சாறு வற்றிப்போகும். விலை இருக்கும்போது காய் இருக்காது. அப்பா தன் 30 எலுமிச்சை மரங்களின் அடியில் தென்னை மட்டையையும் சருகையும் பரப்பி வைத்திருந்தார். குடம் குடமாக ஊற்றும் தண்ணீரை வெயில் உறிஞ்சிவிடக் கூடாதே என்றுதான்.

தொழுவில் செவலை நின்றாள். ஜெர்சிக் கலப்பு. மூன்று மாதக் கன்று காலடியில். பக்கத்தில் சிட்டு என்று ஒரு கிடேரி. வழக்கமாகக் காலையும் மாலையுமாக எட்டு லிட்டர் கறப்பவள், கத்திரி தொடங்கியதும் ஐந்துக்கு இறங்கிவிட்டாள். நாக்கை வெளியே தள்ளி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள். படுக்க மாட்டாள்.

"ஏன் தாத்தா படுக்க மாட்டேங்குது?" என்று மகன் கேட்டான்.

"நின்னாத்தானய்யா நாலு பக்கமும் காத்து படும். படுத்தா வயிறு பூரா தரையில ஒட்டிக்கிடும்லா."

அப்பா பத்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். மாட்டைப் பார்த்தே பல விஷயங்களைக் கற்றவர். நம்மைப் போல் மாட்டுக்கு வியர்த்துக் கொட்டாது. உடம்புச் சூட்டை மூச்சு வழியாகவும் இறக்கியாக வேண்டும். அதுபோக, தின்ற தீவனம் வயிற்றுக்குள் புளித்துச் செரிக்கும்போதும் சூடு பிறக்கும். அதனால் கோடையில் அவர் தீவன நேரத்தையே மாற்றிவிடுவார். விடியக்காலம் ஒரு முறை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு முறை. நடுமத்தியானம் தண்ணீர் மட்டும்.

"வெயில்ல நமக்கே சோறு எறங்க மாட்டேங்கு. அதுக்கு மட்டும் எறங்குமா?" என்பார்.

தகரக் கூரைக்கு மேல் தென்னங்கிடுகு போட்டிருந்தார். மத்தியானம் அதில் ஒரு வாளித் தண்ணீர் விசிறுவார். ஆடுகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. எங்கள் பக்கத்துக் கன்னி ஆடு, கறுப்பு உடம்பும் முகத்தில் வெள்ளைக் கோடுமாக இருக்கும். இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்த இனம். கருவேலங்காயைத் தின்றுவிட்டு வேப்ப மர நிழலில் அசைபோடும். பால் அதிகம் கறக்கும் கலப்பின மாட்டுக்குத்தான் கோடை பெரிய சோதனை.

தீவனம் அதைவிடப் பெரிய சோதனை. வைக்கோல் படப்பு இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. நெல்லே விளையாத வருடத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது? விற்பவர் சொன்னதுதான் விலை. அக்கம்பக்கத்தில் இரண்டு வீடுகளில் மாட்டை விற்றுவிட்டார்கள். அப்பா போர் தண்ணீரை நம்பிப் பத்து சென்டில் தீவனச் சோளம் போட்டிருந்தார். ஒருமுறை அறுத்தார். அதன்பிறகு போரில் காற்றுதான் வந்தது. சோளத்தாள் அடிக்கட்டை மட்டும் காய்ந்து நின்றது.

மழை வந்தது

மே நடுவில் ஒருநாள் சாயங்காலம் மலைக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் காற்று. மாந்தோப்புகளில் காய் பொத்துப் பொத்தென்று விழும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. பிறகு இடி. அப்பா எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மரத்தடியில் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்க்க ஓடினார். கோடை இடியில் மரத்தடி மாடும் ஆடும்தான் முதலில் போகும் என்பார்.

அப்புறம் மழை. ஒன்றரை மணி நேரம். அம்மா முற்றத்தில் அண்டா குண்டா எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். மகன் சட்டையைக் கழற்றிப் போட்டு ஆடினான். எதிர்வீட்டு ஆச்சி வாசல்படியில் உட்கார்ந்து கும்பிட்டாள். நான் அழுதேன் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் அழுதேன்.

மறுநாள் ஊரெங்கும் உழவு. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கோடை மழையில் மண்ணைப் புரட்டிப் போட்டால், உள்ளே உறங்கும் கூட்டுப்புழுக்கள் வெளியே வந்து வெயிலிலும் கொக்கின் அலகிலும் சாகும். அடுத்த மழை ஓடிவிடாமல் மண்ணுக்குள் இறங்கும். கிணற்றில் ஒரு முழம் தண்ணீர் ஊறியிருந்தது. எல்லோர் முகத்திலும் ஒரு தெளிச்சி.

ஆறேழு நாளில் சோளக் கட்டைகளிலிருந்து துளிர் கிளம்பியது. ஒரு சாணுக்கும் கொஞ்சம் அதிகம். கரும்பச்சை. அவ்வளவு நாள் வெறும் மண் நிறத்தையே பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அன்றைக்கு அப்பா எலுமிச்சை மூட்டையோடு புளியங்குடி கமிஷன் கடைக்குப் போயிருந்தார். அம்மா அடுப்படியில். செவலை காய்ந்த வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தின நாள் ராத்திரியும் அவள் சரியாகத் தின்னவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பன்னருவாளை எடுத்துக்கொண்டு போய், அந்தத் துளிரை ஒரு கட்டு அறுத்து வந்தேன். மகன் தன் பங்குக்கு ஒரு கைப்பிடி சுமந்து வந்தான்.

செவலை தின்ற வேகத்தை நான் மறக்கவே முடியாது. ஒரு மாட்டின் சந்தோஷம் என்று ஒன்று இருந்தால் அதுதான். மகன் சிட்டுக்குத் தன் கையாலேயே நாலு துளிரை ஊட்டினான். போட்டோகூட எடுத்தேன்.

கால் மணி நேரம் இருக்கும். தொழுவில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் செவலை வாயில் நுரை தள்ளிக்கொண்டு தள்ளாடுகிறாள். மூச்சு இழுத்து இழுத்து வருகிறது. "அம்மா!" என்று நான் கத்தியதில் அம்மா ஓடிவந்தாள். வாயோரம் ஒட்டியிருந்த இலையைப் பார்த்தாள்.

"ஏட்டி, சோளத்துளிரயா போட்ட?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு விஷயமே தெரிந்தது.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டோம். பைக்கில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டார். அதற்குள் செவலை சாய்ந்து, காலை உதறி, அடங்கிவிட்டாள். சிட்டு அப்போதுதான் தள்ளாடத் தொடங்கியிருந்தாள். டாக்டர் அவள் கழுத்து நரம்பில் மெதுவாக ஊசி ஏற்றினார். தின்றது கொஞ்சம் என்பதால், சாயங்காலத்துக்குள் அவள் நிமிர்ந்து நின்றாள்.

கையைக் கழுவிக்கொண்டே டாக்டர் எனக்கு விளக்கினார். இளம் சோளத்தில் ஒரு பொருள் இருக்கிறதாம். மாடு மென்று திசு நசுங்கியதும் அதிலிருந்து ஹைட்ரோசயனிக் அமிலம் பிரியும். அது ரத்தத்தில் கலந்துவிட்டால், ரத்தத்தில் பிராண வாயு இருந்தும் உடம்பின் செல்கள் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மூச்சு விட்டுக்கொண்டே மூச்சுமுட்டிச் சாவது போல. பூத்து முற்றிய பயிரில் இது குறைந்துவிடும். இளம்பயிரில் அதிகம். வறட்சியில் வாடிய பயிரில் இன்னும் அதிகம். வாடிக் கிடந்து, திடீர் மழையில் வெடிக்கும் துளிரில் மிக மிக அதிகம். பசியோடு இருக்கும் மாடு அவசரமாகத் தின்னும் என்பதால் ஆபத்தும் அதற்கே கூடுதல். அசைபோடும் பிராணிகளின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களே அந்த விஷத்தைச் சீக்கிரம் பிரித்துக் கொடுத்துவிடுமாம். மரவள்ளி இலையிலும் தோலிலும் இருப்பது இதே விஷம்தான் என்றார்.

சிட்டுவுக்குப் போட்ட மருந்தில் ஒன்று சோடியம் தயோசல்பேட். அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டுடியோக்களில் படம் கழுவ வைத்திருந்த ஹைப்போ உப்பு அதுதான். நேரத்தோடு ஏற்றினால் பிழைக்கும். நேரம்தான் கிடைக்காது.

அப்பா சொன்னது

அப்பா மத்தியானம் வந்தார். காலி சாக்கைத் தோளில் போட்டபடி தொழு வாசலில் நின்று பார்த்தார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் செவலையின் கொம்புக்கு நடுவே கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"வீட்டுல எல்லாருக்கும் தெரியும்மா. பண்டாரவடைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியாதுங்கது எனக்குத் தோணாமப் போச்சே."

தன்மீது குற்றம் சொல்லிக்கொண்டார். அதுதான் எனக்கு வலித்தது. நான் அதே வீட்டில் பிறந்தவள். பதினேழு வயது வரை அதே தொழுவில் சாணி அள்ளியவள். பிறகு கல்லூரி, வேலை, கல்யாணம், சென்னை. மாடு என்றால் பால், ஊர் என்றால் லீவு என்று ஆகிவிட்டது. எந்தத் துளிரை எப்போது தொடக் கூடாது என்பது எனக்குள் எப்போது அழிந்துபோனது என்று எனக்கே தெரியாது.

வயல் ஓரத்து வேம்படியில் குழி வெட்டினார்கள். முந்தின வாரம் வரை கடப்பாரையே இறங்காத மண். அன்றைக்கு மண்வெட்டிக்கே இளகிக் கொடுத்தது. அந்த மழையால்தான்.

ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது மகன் கேட்டான். "நான் ஊட்டுனதாலயாம்மா?"

"இல்லடா. அறுத்தது அம்மா. நீ கொடுத்த சிட்டு நல்லாயிருக்கு, பாரு."

அவன் எழுந்து டார்ச் அடித்துத் தொழுவைப் பார்த்துவிட்டு வந்து படுத்தான். அந்த லீவு முடியும் வரை அதைத் தினமும் செய்தான்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்னால், மே 30-ல் கேரளாவில் பருவமழை தொடங்கிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். எங்கள் வாசலில் மேல்காற்று அடித்தது. தாயில்லாக் கன்று, அம்மா நீட்டிய பாட்டிலை முட்டி முட்டிக் குடித்தது.

நல்லதும் கெட்டதும் ஒரே மேகத்தில்

அதற்குப் பிறகு கோடை மழையை நான் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் பக்கத்துக்கு அது வேண்டும். அது இல்லையென்றால் கிணறு இல்லை, கோடை உழவு இல்லை, மேய்ச்சல் இல்லை. ஆனால், அது வரும் நாளும் வேகமும் நம் கையில் இல்லை.

பங்குனியில் பிசான அறுப்பு நடக்கும்போது வந்தால், களத்தில் குவித்த நெல் நனையும். அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். ரோட்டோரம் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டே நடக்கும் பெண்களை நீங்கள் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். அவர்கள் அந்த 17-க்காகத்தான் நடக்கிறார்கள். நனைந்த வைக்கோலைக் காயவைக்காமல் படப்பில் ஏற்றினால் பூசணம் பிடிக்கும். அதைத் தின்னும் மாட்டுக்கும் கேடு. சித்திரையில் சூறைக்காற்றோடு வந்தால், தார் போட்ட வாழை வரிசையாகச் சாயும். ஒரு வருட உழைப்பு பத்து நிமிடத்தில் படுத்துவிடும்.

மழையே வராமல் வெயில் மட்டும் காய்ந்தாலும் நெல்லுக்கு ஆபத்துதான். பூக்கும் சமயத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். ராத்திரி வெப்பம்கூடக் கணக்கில் உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 25 வருட வானிலைப் பதிவுகளை ஆராய்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது என்று கண்டிருந்தார்கள். அப்பாவிடம் சொன்னேன். "ராத்திரி புழுக்கமா இருந்தா பயிரும் தூங்காதுல்லா" என்றார்.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம், குளிக்க வந்த 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அதுவும் கத்திரி நடுவில், மலைக்கு மேல் பெய்த மழை. டிவியில் அந்தப் பையனின் செய்தியைப் பார்த்தபோது, கீழே நின்றவர்களுக்கு அந்த நிமிடம் வரை தண்ணீர் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

இப்போது அப்பாவின் தோட்டத்தில் சில மாற்றங்கள் உண்டு. சோளத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் வரப்பில் அகத்தியும். சோளம் போட்டால் பூக்கும் வரை காத்திருந்து அறுக்கிறார். அறுத்ததையும் வெயிலில் நன்றாக உலர்த்தி, வைக்கோலோடு கலந்துதான் போடுகிறார். காய்ந்தால் விஷம் குறையும். பசியோடு இருக்கும் மாட்டுக்கு முதலில் வைக்கோல், பிறகுதான் பச்சை. அறுத்த சோளக் கட்டையைக் கோடை மழை வருவதற்கு முன்பே உழுது புரட்டிவிடுகிறார். உழ முடியாவிட்டால் சுற்றிக் கயிறு கட்டி, பழைய சேலைத் துணியைத் தொங்கவிடுகிறார். ஊருக்கு லீவில் வரும் பிள்ளைகளுக்கு அது என்ன என்று அவரே சொல்லிக் கொடுக்கிறார். "யாருக்குத் தெரியும் தெரியாதுன்னு நாம நெனச்சுக்கிடக் கூடாது. சொல்லிரணும்" என்பது அவர் கட்சி. தொழுச் சுவரில் கரியால் 1962 என்று எழுதி வைத்திருக்கிறார். கால்நடை ஆம்புலன்ஸ் எண்.

சிட்டு இதுவரை நாலு கன்று போட்டுவிட்டாள். இரண்டாவது கிடேரிக்கு என் மகன்தான் செவலை என்று பெயர் வைத்தான். நிறம் என்னவோ வெள்ளை.

அவனுக்கு இப்போது 14 வயது. போன வைகாசியில் சென்னையில் இடியோடு மழை பெய்தபோது நான் ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே போனைத் தேடினேன்.

"நான் தாத்தாவுக்கு அப்பவே போன் பண்ணிட்டேன்மா. அங்கயும் மழையாம்" என்றான்.

"சொன்னியா?"

"சொன்னேன். கட்டையெல்லாம் போன வாரமே உழுதாச்சாம்."